கல்லறைக்கு ஒரு போர்டு

ஓய்வு பெற்ற வனவரை, பணியில் இருக்கும் வனவர் தொலைபேசியில் அழைக்கிறார் என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. பழைய எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியவில்லை. அல்லது கருத்தரங்கில் பேச ஆள் கிடைக்கவில்லை. சென்ற மாதம் அபிநயா அழைத்தது இந்த இரண்டுக்கும் இல்லை. அபிநயா சேலம் பக்கத்துப் பெண். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

“சார், கடற்கரை ஊர்ல ஒரு அம்மா இறந்துட்டாங்க. பழைய கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணணும்னு ஊர்ல சொல்றாங்க. அது நம்ம அடப்பங்கொடி நட்ட மணல்மேடு. அங்க அடக்கம் நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. நான் என்ன சொல்லட்டும்?”

“இறந்தது யாரு?”

“இஞ்ஞாசியம்மாள்னு சொன்னாங்க.”

நான் வரும் வரைக்கும் சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம் என்றேன். ஓய்வு பெற்றவன் பணியில் இருப்பவருக்கு உத்தரவு போடுவது முறையில்லை. போட்டுவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கயத்தாற்றில் பேருந்து ஏறினேன். அன்று நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு அபிநயா கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். அந்த மேட்டில் நடந்த வேலைக்கு இப்போதெல்லாம் ‘இயற்கை சார்ந்த கடலரிப்புத் தடுப்பு’ என்று பெயர் வைத்து, குளிரூட்டிய அறையில் திரை கட்டிப் படம் காட்டுகிறார்கள். நாங்கள் செய்தபோது அதற்குப் பெயர் இல்லை. கொடி நடுவது என்று சொல்வோம்.

நான் பிறந்து வளர்ந்தது கயத்தாற்றுக்கு மேற்கே, கரிசல் காட்டில். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றில் இருப்பது, அதுவும் மழை பெய்திருந்தால். வனக்காவலர் வேலைக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போனபோது, யானை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, காட்டுத் தீக்கு எங்கே கோடு வெட்டுவது, சந்தன மரத்தை எப்படி அளப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பிறகு தூத்துக்குடிக் கடற்கரையில் போட்டார்கள். பணிக்காலம் முழுவதும் நான் ஒரு யானையையும் பார்க்கவில்லை. கோயில் யானை கணக்கில் வராது.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. தூத்துக்குடிக்கும் பெரியதாழைக்கும் நடுவில் இருக்கிறது என்பது போதும். வடக்கே மாதா கோயிலும் தெருக்களும். தெற்கே கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சதுப்பு. ஊரில் அதைக் கழி என்பார்கள். கழிக்கு மேற்கே யாரோ கைவிட்டுப் போன உப்பளம். கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. அந்த மேட்டின் மேல்தான் கல்லறைத் தோட்டம். கடல் வருடா வருடம் அந்த மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ள வேண்டும். ஈரநிலங்களைக் காப்பதற்கென்றே விதிகள் இருக்கின்றன. எடுத்துப் படித்தால், உப்பு விளைவிக்கக் கட்டிய பாத்தி ஈரநிலம் ஆகாது என்று இருக்கும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைக்குள் வரும் இடங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா என்றும் இருக்கும். ஆகவே முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, இந்த விதிகளின்படி இது ஈரநிலம் அல்ல என்று நான் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. சரி என்று கடற்கரை அறிவிக்கையைத் திறந்தால், அது கழியையும் அலையாத்தி மரங்களையும் மணல்மேட்டையும் ஒன்றாகச் சேர்த்து, தொடக் கூடாத முதல் வகையில் வைத்திருக்கிறது. பெற்றவள் விட்டதைச் சித்தி எடுத்து வளர்ப்பது போலத்தான். குழந்தை பிழைத்தால் சரி என்று நாங்கள் இருந்தோம்.

ஊர்க்காரர்கள் கேட்டது தூண்டில் வளைவு. கடலுக்குள் கை நீட்டியது போலக் கல்லைக் கொட்டி அலையை வாங்கிக்கொள்ளும் கட்டுமானம். அதைப் போடவே கூடாது என்று அறிவிக்கை சொல்லவில்லை. ஆய்வு செய்து, பக்கத்துக் கரைக்கு என்ன ஆகும் என்று பார்த்து, மேலே அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். மேலே இருப்பவர்கள் இன்னும் மேலே அனுப்புவார்கள். பார்க்க வந்த பொறியாளர்களும், இங்கே கல் விழுந்தால் கழியின் வாய் அடைபட்டு மழைத் தண்ணீர் ஊருக்குள் திரும்பும் என்றுதான் சொன்னார்கள். அதனால் கொடி நடும் வேலை எங்கள் தலையில் வந்து விழுந்தது.

அப்போது எங்கள் ரேஞ்சர் கோமதி மேடம். பாளையங்கோட்டைக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரைக்கு எப்போது வந்தாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். கடலைப் பார்க்காமல் கரையைப் பார்க்கிறாரே, பெரிய விஷயம் தெரிந்தவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்பதுதான் காரணம். என்னிடம் அவரே சொன்னார். அதை நான் ஊரில் சொல்லவில்லை. ஒரு அதிகாரிக்குத் தானாக வந்து சேர்ந்த மரியாதையைக் கலைப்பது கீழே வேலை பார்ப்பவனுக்கு நல்லதில்லை.

கூட்டம் என்றால் உட்கார மாட்டார். நின்றுகொண்டே விதியைத் தமிழில் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். நிறுத்தி, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல. முடித்ததும் காகிதத்தை மடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“இதுல எந்த எடத்துல உங்களுக்குக் கோவம் வருது?”

பொதுவாகக் கோபப்படுவதற்கென்று கிளம்பி வந்தவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். எந்த இடம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்தால் பாதிக் கோபம் போய்விடும். மிச்சப் பாதிதான் உண்மையான கோபம் என்று மேடம் நினைத்தார். அதை உட்கார வைத்துப் பேசுவார்.

மாதா கோயில் முற்றத்தில் நடந்த முதல் கூட்டத்திலும் இப்படித்தான் வாசித்தார், கேட்டார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஏலக் கூடத்தில் மீன் விலை கூவிப் பழகிய குரல். ஒலிபெருக்கி வைத்திருந்த நாங்கள் அதை அணைத்துவிட்டோம்.

“எனக்கு எல்லா எடத்துலயும் கோவம் வருது. எல்லாரும் அவுக அவுக கல்லறயச் சொல்லுதாவ. என் கல்லறைக்குள்ள ஆளே இல்ல.”

அதுதான் இஞ்ஞாசியம்மாள். ஐம்பது வயதை ஒட்டியிருப்பார். கணவர் சங்கு குளிக்கப் போகிறவர். ஒரு நாள் வள்ளம் திரும்பியது, அவர் திரும்பவில்லை. தேடிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை. சில நாள் பொறுத்து, அவருடைய ஒரு சட்டையையும் ஜெபமாலையையும் பெட்டியில் வைத்து, கடலை ஒட்டிய முன்வரிசையில் குழி தோண்டிப் புதைத்துச் சிலுவை நட்டிருந்தார்கள்.

“அவருதான் வரல. நானாவது போயி அங்கன கெடக்கணும்னு எடம் போட்டு வச்சிருக்கேன். கல்லு போடுவியளோ கொடி போடுவியளோ, எனக்கு அந்த எடம் வேணும்மா” என்றார்.

மேடம் மடித்த காகிதத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முன்வரிசையில் ஆரம்பிக்கலாம் என்றார்.

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் வேலி. பனை ஓலையையும் மட்டையையும் கம்பில் கட்டிக் காற்றுக்குக் குறுக்கே வரிசையாக நட வேண்டும். நெருக்கி அடைத்தால் காற்று மோதி அடியில் குழி பறிக்கும். ரொம்ப விட்டால் மணல் நிற்காமல் தாண்டிப் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பது தெரிய வேண்டும், அவர் யார் என்று தெரியக் கூடாது. மேடம் எங்களுக்குச் சொன்ன அளவு அதுதான். கையேட்டில் சதவீதம் போட்டிருந்தார்கள். வேலை செய்தவர்கள் மேடத்தின் அளவைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

வேலியடியில் மணல் ஏறியதும் கொடி. அடப்பங்கொடி என்பது கடற்கரையில் ஊதாப் பூ பூத்துக் கிடப்பது. ஆடுகூட அதை அவ்வளவாகத் தொடாது. கணுவோடு துண்டு துண்டாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். மேல் மணலை ஒதுக்கி, கைக்கு ஈரம் தட்டும் வரை போக வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள், மிச்சம் வெளியே. காலால் மிதிக்கக் கூடாது, கையால் அழுத்த வேண்டும். கொடி கடலை நிறுத்தாது. அப்படி நிறுத்தும் என்று யாராவது கருத்தரங்கில் சொன்னால் அவர் கடலைப் படத்தில் பார்த்தவர். கடல் எடுத்த மணலைக் காற்று திரும்பக் கொண்டுவரும்போது கொடி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. அது போதும்.

ராவணன் மீசை என்று ஒரு முள்புல்லும் உண்டு. மணலைப் பிடிப்பதில் கொடியைவிடக் கெட்டிக்காரன். ஆனால் கல்லறைப் பக்கம் அதை நட வேண்டாம் என்று ஊர்க் கமிட்டியில் கேட்டுக்கொண்டார்கள். ஞானஸ்நானம் வாங்கிச் செத்தவர்கள் தலைமாட்டில் ராவணன் எதற்கு என்றார்கள். எனக்கும் நியாயமாகப் பட்டது. மீசையைக் கழிப் பக்கம் கொண்டுபோய் நட்டோம்.

மழை தொடங்கியதும் நடவு என்பது துறையின் வழக்கம். அந்த வருடம் மழை முந்தியதால் புரட்டாசித் தொடக்கத்திலேயே நட்டோம். கொடி நன்றாகப் பிடித்தது. சிலுவைகளுக்கு நடுவே பச்சையாக ஓட ஆரம்பித்தது. மேடம் முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டுச் சொல் கிடையாது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எனக்கு அது தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. எங்கள் வீடுகளில் எரித்துவிட்டு, பதினாறாம் நாளோடு முடித்துவிடுவோம். கையேடு எழுதியவர்களும் எங்களைப் போன்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊரில் திருநாளுக்கு முன்பே குடும்பம் குடும்பமாக வந்து கல்லறையைச் சுத்தம் செய்வார்கள். ஒரு புல் விடாமல் பிடுங்கி, மணலைச் சலித்த மாதிரி நிரவி, சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வெளிநாட்டுக் கப்பலில் இருப்பவர்கள்கூட விடுப்பு வாங்கிக்கொண்டு வருவது உண்டு.

திருநாளுக்கு முந்தின நாள் கமிட்டிக்காரர் ஒருவர் என்னை அழைத்தார்.

“சார், உங்க கொடி பூராத்தையும் ஒண்ணுகூட விடாம எடுத்து, கேட்டுப் பக்கம் குமிச்சு வச்சிருக்கோம். வண்டி கொண்டாந்தா ஏத்திருதோம்.”

போய்ப் பார்த்தேன். கொடி அழகாக, ஒரே அளவில் கட்டுக் கட்டாகக் கட்டப்பட்டிருந்தது. மேட்டில் பச்சை என்று ஒன்று இல்லை. இவ்வளவு ஒழுங்காகக் கல்லறையை யாரும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு உதவி செய்த திருப்தியில் ஒரு பெண் எனக்கு டீ கொடுத்தார். குடித்தேன்.

அலுவலகத்தில் ஒருவர் வழக்குப் போட வேண்டும் என்று குதித்தார். மேடம் அவரைக் கூப்பிட்டு, புகாரை எழுதச் சொன்னார். யார் மேல், எதற்காக என்று எழுத உட்கார்ந்தவர், தகப்பனார் கல்லறையில் களை எடுத்த குற்றத்துக்கு என்ற இடத்தில் நின்றுவிட்டார். அந்தக் காகிதம் எங்கே போனது என்று தெரியாது.

அந்த மழைக் காலத்தில் கடல் கடுமையாக இருந்தது. நிரவி வைத்த மணல் எதையும் பிடித்துக்கொள்ளாமல் சரிந்தது. முன்வரிசையில் இரண்டு கல்லறைகள் திறந்துவிட்டன. நான் போனபோது அந்தக் குடும்பத்தார் எலும்புகளை ஏந்திக்கொள்ள வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அழவில்லை. ஒருவர் மட்டும் கடலைப் பார்த்து மெதுவாக, மரியாதையாக, ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். என் வேலையில் நான் அதைவிட மோசமான காலைப் பொழுதைப் பார்த்ததில்லை. இஞ்ஞாசியம்மாளின் சிலுவைக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம்தான் மிச்சம் இருந்தது.

பங்குச் சாமியார் கூட்டம் போட்டார். முன்வரிசை எலும்புகளைப் பூசை வைத்து எடுத்து, கோயிலுக்குப் பின்னால் புதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம். இனிமேல் பழைய மேட்டில் புதுக் குழி தோண்ட வேண்டாம் என்றார். மேட்டைத் தோண்டிக்கொண்டே இருந்தால் மேடு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சம்மதித்தார்கள். மேடமும் அதையே துறையின் சார்பில் ஏற்றுக்கொண்டார். வழக்கம் போல விதியை வாசித்தார், வழக்கம் போலக் கேட்டார். இந்த முறையும் அதே குரல்தான் வந்தது.

“எல்லாரும் எலும்ப எடுத்துட்டுப் போவாவ. நான் என்னத்த எடுத்துட்டுப் போவேன்? தோண்டுனா ஒரு சட்ட இருக்கும். அதுவும் மக்கிப் போயிருக்கும். எனக்கு இருக்கது அந்த எடம் மட்டுந்தான். இனிமே தோண்டக் கூடாதுன்னா நான் எங்கன போவேன்?”

சாமியார் மேடத்தைப் பார்த்தார். மேடம் அன்று முதன்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு இஞ்ஞாசியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“புதுக் குழிதான தோண்டக் கூடாதுங்கோம். உங்க குழி ஏற்கெனவே தோண்டுனது. அத நான் புதுசுன்னு சொல்ல மாட்டேன். இந்த டிபார்ட்மெண்ட்ல யாரும் சொல்லக் கூடாது. ஆனா அது வரைக்கும் அந்த மேடு நிக்கணும்லா? அதுக்கு நீங்கதான் எனக்கு ஒத்தாச பண்ணணும். அடுத்த திருநாளுக்குக் கொடியப் பிடுங்காதிய.”

இஞ்ஞாசியம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“பிடுங்காமப் போட்டா, கேக்க ஆளில்லாத கல்லறன்னு சொல்லுவாவளே.”

அந்த ஊரில் ஒருவரைப் பற்றி அதைவிடக் கேவலமாக எதுவும் சொல்ல முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் நடவைப் பிடுங்கிக் கடலுக்கு வழிவிட்டது இந்த ஒரே பேச்சுத்தான். துறையில் இதற்குத் தலைப்பு இல்லை.

எலும்புகளை எடுத்து முடித்து, திரும்ப வேலி கட்டி, திரும்பக் கொடி நட்டோம். அடுத்த திருநாள் வந்தது. ஊரே பிடுங்கியது, இஞ்ஞாசியம்மாள் மட்டும் பிடுங்கவில்லை. சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, கொடியை அப்படியே விட்டு, பூசைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கல்லறை பளிச்சென்று இருந்தது. கணவரின் தங்கை செசிலி, கையெல்லாம் மண்ணாக நின்றுகொண்டிருந்தார்.

“மைனி, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நெனச்சேன். அண்ணன் கல்லற இப்படியா கெடக்கும்? ஒத்தையில நின்னு பூராத்தையும் புடுங்கிட்டேன்” என்றாராம்.

இஞ்ஞாசியம்மாள் அதற்கு என்ன சொன்னார் என்று எழுத முடியாது. ஏலக் கூடக் குரல். பூசைக்கு வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் சில மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பேருந்தில், மீன் வாசனை போகக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு. உட்காரச் சொன்னதும் உட்காராமல், மேடத்தைப் போலவே நின்றுகொண்டு சொன்னார்.

“எனக்கு ஒரு போர்டு வேணும்.”

“என்ன போர்டு?” என்றார் மேடம்.

“நீங்க காட்டுல வப்பியள்லா, தகர போர்டு. பச்ச அடிச்சு, கவர்மெண்டு முத்திர போட்டு. அது ஒண்ணு அவரு கல்லறைக்கு வைங்க. நானா போட்டு வச்சா சோம்பேறி முண்டம்பாவ. கவர்மெண்டு வச்சதுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

எங்கள் துறையிடம் ஒரே ஒரு வாசகம்தான் இருந்தது: அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள். கல்லறைக்கு அதை வைக்க முடியாது என்று நான் சொன்னேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று இருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து, எழுதி, அடித்து, திரும்ப எழுதினார். கடைசியில் வந்தது இதுதான்: ‘மணல் அரிப்பைத் தடுக்க இக்கொடி வளர்க்கப்படுகிறது. அகற்ற வேண்டாம். பராமரிப்பவர்: இஞ்ஞாசியம்மாள்.’

வாசித்துக் காட்டினார். “இதுல எங்கயாவது கோவம் வருதா?” என்று கேட்டார்.

இஞ்ஞாசியம்மாள் தன் பெயர் வரும் இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்ததும், கோவம் இல்லை என்றார்.

கல்லறைக்குப் போர்டு வைக்கத் துறையில் வழி எதுவும் இல்லை. அலையாத்திக்கு வைக்க இருந்தது. கழிக் கரையில் வைத்த போர்டுகளில் ஒன்று காற்றடித்து மேட்டுக்கு நகர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னார். நான் அப்படியே வைத்துக்கொண்டேன்.

போர்டு நட்ட வாரத்தில் முதல் மனு வந்தது. முன்வரிசையிலிருந்து எலும்பை எடுக்காமல் விட்ட ஒரு குடும்பம். அந்தம்மா கல்லறைக்கு மட்டும் கவர்மெண்டு போர்டு, எங்கள் அப்பா என்ன குறைந்தவரா என்றார்கள். பிறகு இரண்டாம் வரிசை. பிறகு செசிலியே வந்தார், தன் தாய்க்கு ஒன்று வேண்டும் என்று. மைனி போர்டைவிடச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லையாம், ஆனால் முத்திரை தெளிவாக இருக்க வேண்டுமாம். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை. பராமரிப்பவர் பெயர் வேண்டும். பெயர் கொடுத்தவர் கொடியைப் பிடுங்கக் கூடாது. காய்ந்தால் திரும்ப நட வேண்டும். நான் நடும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு கணு உள்ளே, கையால் அழுத்து, மிதிக்காதே. வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வருடம் கழியோரத்தில் அலையாத்திக்குப் போர்டு பற்றாக்குறை என்று நான் குறிப்பு எழுதினேன்.

கடல் அதற்குப் பிறகும் வந்தது. வராமல் இருக்காது. மேட்டின் நெற்றியை எடுத்தது. கோடையில் காற்று திரும்பக் கொண்டுவந்து போட்டதைக் கொடி பிடித்துக்கொண்டது. அப்படிக் கொடுக்கல் வாங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. மேடம் பதவி உயர்ந்து சென்னைக்குப் போனார். நான் வனவராகி, ஓய்வும் பெற்றேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின கல்லறைத் திருநாளுக்குப் போயிருந்தபோது, ஒரு பெண் தன் மருமகளை அதட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“ஏளா, மாமா மேல ஒரு கொடிகூட இல்லாம மொட்டையா கெடக்கு பாரு. கேக்க ஆளில்லாத கல்லற மாதிரி.”

நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழ்கள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. இதை வைக்கத்தான் இடம் இல்லை.

சென்ற மாதம் நான் போய் இறங்கியபோது கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் அபிநயா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மண்வெட்டியோடு ஆண்கள். ஒருவரும் மேட்டில் கால் வைக்கவில்லை. துறை சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த மரியாதை எனக்குச் சங்கடமாக இருந்தது. அபிநயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றத நம்புறேன் சார். ஆனா மேடம் அப்படிச் சொன்னாங்கன்னு நான் எப்படி மேல சொல்றது?” என்றார். நல்ல கேள்வி. இந்த வேலைக்கு அவர் சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடத்தை அழைத்தேன். ஏதோ கூட்டத்தில் இருந்திருக்கிறார், எடுத்தார். இஞ்ஞாசியம்மாள் இறந்துவிட்டார் என்றேன்.

“கொடிய எப்படி எடுக்கப் போறிய?” என்று கேட்டார்.

“வெட்டாம, பாய் மாதிரி சுருட்டி, ஈரச் சாக்கு போட்டு வைப்பாங்க மேடம்.”

“அப்ப சரி. அந்தம்மாட்ட நான் சொன்னது சொன்னதுதான். அங்க இருக்க வனவர்ட்ட ஃபோனக் குடுங்க.”

அபிநயா வாங்கி, சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டார்.

தோண்டினார்கள். பெட்டி மக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தது. சட்டை இல்லை. ஜெபமாலையின் சின்னச் சிலுவை மட்டும் கிடைத்தது. செசிலி அதை முந்தானையில் துடைத்து, மைனியின் கைக்குள் வைத்தார். சாமியார் ஜெபம் சொன்னார். இறக்கினார்கள். இத்தனை வருடமாகக் காலியாகக் கிடந்த கல்லறைக்கு ஆள் வந்து சேர்ந்தது.

மண் மூடியதும், நான் ஒன்றும் சொல்லவில்லை, அபிநயாவும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். சாக்கைப் பிரித்துக் கொடியை விரித்தார்கள். மேல் மணலை ஒதுக்கி, ஈரம் தட்டும் வரை விரலால் தோண்டி, இரண்டு கணுவை உள்ளே வைத்துக் கையால் அழுத்தினார்கள். யாரும் மிதிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் காற்று என்று சொல்லியிருக்கலாம்; அன்று காற்றே இல்லை.

கூட்டம் கலையும்போது அபிநயா அந்தப் பச்சைப் போர்டைக் குனிந்து பார்த்தார். ஓரம் துருப்பிடித்திருந்தது, எழுத்து படிக்க முடிந்தது.

“பராமரிப்பவர் பேரை மாத்தணும்ல சார். இந்தம்மா இறந்துட்டாங்களே. யார் பேரு போடட்டும்?”

நான் செசிலியைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“எதுக்கும்மா மாத்துதிய? மைனி எங்கயும் போயிரலியே. அங்கனதான இருக்காவ.”

அபிநயா கொஞ்சம் யோசித்துவிட்டுப் போர்டின் காலை நேராக்கி, சுற்றிலும் மணலைக் கையால் அழுத்தினார்.